வழிச்செலவும் வட்டியும்



மாதப் பிறப்பில் ஊதியம் கைக்கு வந்ததும் வாடகை, மளிகை, பால், பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய தொகையை எடுத்து வைக்கிறோம். வீட்டுக் கணக்குக் குறிப்பேட்டில் இவற்றுக்கெல்லாம் இடம் உண்டு. ஆனால் இரண்டு செலவுகளுக்கு மட்டும் பெரும்பாலான வீடுகளில் இடம் இருப்பதில்லை. ஒன்று, வேலைக்குப் போய்வரும் வழிச்செலவு. மற்றொன்று, பழைய கடனுக்குக் கட்டும் வட்டி. முன்னது நாள்தோறும் ஐம்பதும் நூறுமாகச் சட்டைப் பையிலிருந்து கரைகிறது. பின்னது மாதந்தோறும் வீட்டாருக்குத் தெரியாமலே கைமாறுகிறது. இவ்விரண்டும் ஒரே இல்லத்தில் சேர்ந்துவிட்டால் உழைத்தும் உயர்வில்லை என்ற நிலை வந்துவிடுகிறது. இத்திங்கள் இதுபற்றியே உங்களோடு பேச விரும்புகிறோம்.

இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இக்காரியத்தில் நாமே ஒரு குடும்பத்துக்குத் தவறான அறிவுரை கூறினோம். அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். இன்று அந்தப் பாதை செங்கற்பட்டையும் கடந்து நாள்தோறும் பல்லாயிரம் பேரைச் சுமக்கிறது. நகருக்குள் வாடகை கட்டுபடியாகாத குடும்பங்கள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று மேலும் மேலும் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கின்றன. வீடு தள்ளிப் போகிறது. வேலை நகரத்திலேயே நிற்கிறது. நாம் சொல்லப்போகும் குடும்பமும் இவ்வாறு குடியேறியதே. சிங்கப்பெருமாள் கோயில் இரயில் நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரில் வீடு. கணவருக்குக் கிண்டியில் ஒரு தொழிற்கூடத்தில் வேலை. மாத ஊதியம் 22,000 ரூபாய். மனைவி அருகிலுள்ள தையற்கூடமொன்றில் 9,000 ரூபாய் ஈட்டுகிறார். பிள்ளைகள் இருவர்.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன் அக்கணவர் நம்மிடம் வந்தார். “சாமி, இரயிலில் நெருக்கடி தாங்கவில்லை. தவணையில் ஒரு வண்டி வாங்கிவிட்டால் நேரம் மிச்சமாகும். வாங்கலாமா?” என்று கேட்டார். நாமும் சற்றும் யோசியாமல், “வாங்கு தம்பி, வீட்டுக்கும் உதவும்” என்று சொல்லி அனுப்பினோம். உனக்கு ஏற்கெனவே கடன் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டிக்குப் பெட்ரோல் எவ்வளவு ஆகும் என்று கணக்கிடவும் இல்லை. நல்ல மனத்தோடு சொன்ன வார்த்தைதான். ஆயினும் கணக்கறியாமல் சொன்ன வார்த்தை.

எட்டு மாதங்கள் கழித்து ஒரு மாலையில் அவர் மீண்டும் வந்தார். முகத்தில் களையில்லை. மாதத்தின் இருபதாம் தேதிக்குமேல் பெட்ரோலுக்குப் பணம் இல்லாமல் கடன் அட்டையைப் பயன்படுத்தத் தொடங்கியதாகவும், ஒவ்வொரு மாதமும் அட்டைக்குக் கட்டவேண்டிய குறைந்த அளவுத் தொகையை மட்டும் கட்டிவந்ததாகவும், இப்போது அதுவே 20,000 ரூபாயாகி நிற்பதாகவும் சொன்னார். அதை அடைக்கக் கைப்பேசி வழியாக உடனடிக் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன், தங்கள் கருத்தென்ன என்று கேட்டார். இம்முறை நாம் உடனே விடை சொல்லவில்லை. “நாளை நீயும் உன் துணைவியாரும் சேர்ந்து வாருங்கள்” என்றோம். அவர் தயங்கினார். அட்டைக் கடன் பற்றி மனைவிக்குத் தெரியாது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

மறுநாள் இருவரும் வந்தார்கள். கணவர் தலைகுனிந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்த அம்மையார் சினந்து பேசவில்லை. “கடன் இருப்பது எனக்குத் தெரியும் சாமி. எவ்வளவு என்பதுதான் தெரியாது. தெரியாததால்தான் இராத்திரியில் தூக்கம் வரவில்லை” என்றார். பிறகு மூவரும் ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தோம்.

முதலில் கடன்களை எழுதினோம். தாயாரின் அறுவை சிகிச்சைக்காகத் தெரிந்த ஒருவரிடம் வாங்கியது 60,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. ஆக மாதம் 1,800. பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்காக வங்கியில் நகையை வைத்து வாங்கியது 40,000. மாதம் ஏறக்குறைய ஒரு விழுக்காடு, அதாவது 400. அட்டைக் கடன் 20,000. மாதம் மூன்றரை விழுக்காடு, அதாவது 700. வட்டியாக மட்டும் மாதம் 2,900 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அசலில் ஒரு காசும் குறையவில்லை.

அடுத்து வழிச்செலவை எழுதினோம். வீட்டிலிருந்து கிண்டிக்குப் போய்வர நாளொன்றுக்கு 84 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 2,100 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் 42 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 4,200 ரூபாய். எண்ணெய் மாற்றுவது, சக்கர உறை தேய்வது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மாதம் 600. வண்டி ஓடுவதற்கு மட்டும் 4,800 ரூபாய். வண்டித் தவணை 4,133. இரண்டும் சேர்ந்து 8,933. இதனோடு வட்டி 2,900ஐக் கூட்டினால் 11,833. இருவர் சேர்ந்து ஈட்டும் 31,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வாடகைக்கும் சோற்றுக்கும் முன்னதாகவே வெளியேறிவிட்டது.

தவணைக் கடனிலும் ஒரு செய்தி இருந்தது. 80,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றே அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு அசலுக்கும் இரண்டாண்டுக்குக் கணக்கிடப்பட்டிருந்தது. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய இருபத்தொன்றரை விழுக்காடாகிறது. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி விகிதம் இவ்வளவு என்று தெளிவாகக் காட்டும் விவர அறிக்கையை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கையொப்பம் இடுமுன் அத்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்பவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்.

தாளைப் பார்த்தபின் அம்மையார் ஒன்று சொன்னார். தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்தில் தொடங்கியது. அதற்குமுன் அவர் பேருந்துக்கு மாதம் 700 ரூபாய்வரை செலவழித்து வந்தவர். “அந்த எழுநூறு ரூபாய் எனக்கு மிச்சமாயிற்றே சாமி, அது எங்கே போயிற்று?” என்று தம்மையே கேட்டுக்கொண்டார். ஆண்டுக்கு 8,400 ரூபாய். அவர் வீண் செலவு செய்பவர் அல்லர். காய்கறியிலும், உறவினர் வீட்டு விசேடங்களிலும், பிள்ளைகளின் தின்பண்டத்திலும் அது கலந்துவிட்டது. பெயரிட்டு ஒதுக்காத மிச்சம் இவ்வாறுதான் கரையும்.

இத்திங்கள் நாம் சொல்ல விரும்பும் கருத்தும் இதுவே. வழிச்செலவைக் குறைப்பதால் மட்டும் கடன் குறையாது. குறைத்த தொகையை அம்மாதமே, ஊதியம் வந்த நாளிலேயே, கடனின் அசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் கடன் குறையும். முன்னதைச் செய்பவர் பலர். பின்னதைச் செய்பவர் சிலரே.

அவர்கள் செய்தது யாதெனில், வண்டியை விற்கவில்லை. விற்றால் கிடைக்கும் விலை, கட்டவேண்டிய பாக்கிக்கும் எட்டாது என்று தெரிந்தது. எனவே வண்டியை நிலையம்வரை மட்டும் ஓட்டுவது, அங்கிருந்து இரயிலில் போவது, கிண்டியில் இறங்கி இருபது நிமிடம் நடப்பது என்று முடிவு செய்தார்கள். நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டருக்குப் பெட்ரோல், நிலையத்தில் வண்டி நிறுத்தும் கட்டணம், மாதாந்தர சீசன் சீட்டு, சிறிது பழுதுச் செலவு எல்லாம் சேர்ந்து 1,300 ரூபாய்க்குள் அடங்கிற்று. 4,800 ரூபாய் போன இடத்தில் 1,300. மிச்சம் மாதம் 3,500 ரூபாய்.

இம்மிச்சம் விலையின்றிக் கிடைக்கவில்லை. அவர் முன்னைவிட ஐம்பது நிமிடம் முன்னதாக வீட்டைவிட்டுப் புறப்படவேண்டும். அரைமணி தாமதமாகத் திரும்பவேண்டும். “வண்டி இருந்தும் இரயிலில் போகிறானே என்று ஊரார் பேசுவார்களே” என்ற கூச்சமும் அவருக்கு இருந்தது. அதை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆனால் கடன்காரர் வாசலில் வந்து நின்று பேசுவதைவிட அது பொறுக்கத்தக்கது என்று அவரே முடிவுக்கு வந்தார்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? வட்டி மிகுந்ததையே முதலில் அடைக்கவேண்டும். மற்றவற்றுக்குரிய வட்டியையும் தவணையையும் தவறாமல் கட்டிக்கொண்டே, மிச்சம் முழுவதையும் அந்த ஒரு கடனில் போடவேண்டும். இவர்கள் அட்டையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். வழக்கமான 700 ரூபாயோடு 3,500ஐயும் சேர்த்து மாதம் 4,200 கட்டினால் ஆறாம் மாதத்தில் அட்டைக் கடன் தீர்ந்துவிடும். பிறகு அந்த 4,200ஐயும் மூன்று ரூபாய் வட்டிக் கடனுக்குரிய 1,800ஐயும் சேர்த்து மாதம் 6,000 கட்டினால் அடுத்த ஓராண்டில் அதுவும் தீரும். அதன்பின் நகைக்கு 6,400. ஆக இரண்டு ஆண்டுக்குள் மூன்று கடனும் முடியும். ஊதியம் ஒரு ரூபாய் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். வண்டித் தவணை இடையிலேயே முடிந்துவிடும். அத்தொகையையும் நகைக்கே திருப்பினால் இன்னும் விரைவில் நகை வீடு திரும்பும்.

இடையூறும் இல்லாமலில்லை. வட்டிக்குக் கொடுத்தவர், “அசலைச் சிறுகச் சிறுக வாங்கமாட்டேன், கொடுத்தால் மொத்தமாகக் கொடு” என்றார். வட்டி வந்துகொண்டிருக்கும்வரை அசல் திரும்பாதிருப்பதே சிலருக்கு விருப்பம். அத்தகையோரிடம் ஊர்ப்பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச்சென்று பேசுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் எழுத்துமூலம் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இசையாவிட்டால் அத்தொகையை வங்கியில் தனிக் கணக்கில் சேர்த்து ஒருசேரக் கொடுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற கொடுமைகளைத் தடுக்கத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அச்சுறுத்தலுக்கு ஆளானவர் வாய்மூடி இருக்கவேண்டியதில்லை. இவர்கள் காரியத்தில் பேச்சுவார்த்தையிலேயே அவர் இணங்கிவிட்டார்.

மற்றக் குடும்பத்தினருக்கும் பயன்படும்படி சில குறிப்புகளைச் சொல்கிறோம்.

இரயிலில் போவோர் நாள்தோறும் சீட்டு எடுப்பது பெரும் இழப்பு. மாதம் ஐம்பது முறை பயணம் செய்பவர் ஒவ்வொரு முறையும் கொடுக்கும் கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகவே புறநகர் மாதச் சீசன் சீட்டு கிடைக்கிறது. மூன்று மாதச் சீட்டின் விலை, மாதச் சீட்டைப்போல் 2.7 மடங்குதான். சென்னை மாநகரப் பேருந்தில் குளிர்சாதனமற்ற வண்டிகளுக்குரிய மாதச் சீட்டு 2025இல் 1,000 ரூபாய். மாதம் 25 நாள் பயணம் செய்து, நாளுக்கு 40 ரூபாய்க்கு மேல் பேருந்துக்குக் கொடுப்பவருக்கு இது ஆதாயம். அதற்குக் குறைவாகக் கொடுப்பவருக்கு இல்லை. எனவே எல்லாரும் வாங்குகிறார்கள் என்று வாங்காமல், தம் கணக்கைப் பார்த்து வாங்கவேண்டும்.

நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சிறு தொலைவையும் எண்ணிப் பாருங்கள். ஷேர் ஆட்டோவுக்கு ஒருவழி இருபது ரூபாய் என்றால் மாதம் ஆயிரம் ரூபாய். பல வீடுகளில் இச்சிறு தொலைவின் செலவு, இரயிலின் பெருந்தொலைவுச் செலவைவிட மிகுந்திருக்கிறது. உடல்நலம் உள்ளவருக்கு ஒரு பழைய மிதிவண்டி சில மாதங்களிலேயே தன் விலையை மீட்டுத் தரும்.

இரயிலும் பேருந்தும் இல்லாத நேரத்தில் வேலைக்குப் போவோர் உண்டு. இரவுப் பணி செய்யும் செவிலியரும், ஆலைத் தொழிலாளரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் ஒரே திசையில் போகும் இருவராகச் சேர்ந்து ஒரு வண்டியில் சென்று, பெட்ரோலைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் இரவு நேரத்தில் ஒரு பெண்பிள்ளை பத்து ரூபாயை மிச்சம் பிடிக்க இருட்டில் தனியே நடந்து வரவேண்டும் என்று எந்தத் தகப்பனும் எதிர்பார்க்கலாகாது. அங்கே செலவழிப்பதே சிக்கனம்.

அவ்வாறே, கடன் இருக்கிறது என்பதற்காக வண்டியின் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விடுவதும், தேய்ந்த சக்கரத்தோடும் தளர்ந்த தடையோடும் ஓட்டுவதும், தலைக்கவசத்தை ஒதுக்குவதும் சிக்கனமாகா. மூன்றாம் தரப்புக் காப்பீடு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். ஒரு விபத்து நேர்ந்தால் இன்றுள்ள கடனைப்போல் பத்து மடங்கு கடன் ஒரே நாளில் வந்து சேரும். சீட்டில்லாமல் பயணம் செய்வதையும் சிலர் மிச்சம் என்று கருதுகிறார்கள். பிடிபட்டால் தண்டம், பிடிபடாவிட்டாலும் நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் வழி அது. வேண்டாம்.

வீட்டருகே குறைந்த ஊதியத்தில் வேலை கிடைத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். வழிச்செலவைக் கழித்தபின் கையில் நிற்பதே உண்மையான ஊதியம். 22,000 ஊதியத்தில் 4,800 வழியில் போய்விட்டால் நிற்பது 17,200. வீட்டருகே 19,000 கிடைத்து, வழிச்செலவு 500க்குள் அடங்கினால் நிற்பது 18,500. அதோடு நாளுக்கு இரண்டு மணி நேரமும் மிச்சம். ஆனால் வருங்கால வைப்புநிதி, மருத்துவக் காப்பீடு, வேலையின் உறுதி ஆகியவற்றையும் தராசில் வைத்துப் பார்த்த பின்பே மாறவேண்டும்.

பழைய கடன் தீருமுன் புதிய கடனால் வண்டி வாங்குவது, வாங்கிய பின் அவ்வண்டியை ஓட்ட மற்றொரு கடன் வாங்குவது ஆகிய இரண்டையும் தவிருங்கள். அறிமுகமில்லாத கைப்பேசிச் செயலிகளிடம் அவசரக் கடனுக்குக் கைநீட்டாதீர்கள். ஒன்றரை ஆண்டுக்கு முன் நாம் அத்தம்பியிடம் சொல்லியிருக்கவேண்டியது இதுவே.

அவர்கள் அத்தாளில் கணக்கெழுதி இன்றைக்குப் பதினோரு மாதங்கள் ஆகின்றன. திட்டமிட்டபடி எல்லாம் நடந்ததா என்றால் இல்லை. மழைக்காலத்தில் இளைய பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஒரு மாதம் மிச்சம் முழுவதும் மருந்துக்குப் போயிற்று. ஆறு மாதத்தில் தீரவேண்டிய அட்டைக் கடன் ஏழு மாதத்தில் தீர்ந்தது. ஆனாலும் 60,000 ரூபாய் அசல் இப்போது 43,000க்கும் கீழே இறங்கியிருக்கிறது. சென்ற வாரம் அந்த அம்மையாரைக் கண்டபோது, கடன் எவ்வளவு மிச்சம் என்று நாம் கேட்கவில்லை. அவரே ரூபாய்க் கணக்கில் சரியாகச் சொன்னார். “இப்போது தூங்குகிறேன் சாமி” என்றும் சொன்னார்.

அன்பார்ந்தோரே, வரும் ஞாயிறன்று மாலையில் கணவனும் மனைவியும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் ஒன்றாக உட்காருங்கள். ஒரு பக்கத்தில் எல்லாக் கடன்களையும் அவற்றின் வட்டியையும் எழுதுங்கள், ஒன்றையும் மறைக்காதீர்கள். மறுபக்கத்தில் இருவரின் வழிச்செலவையும் காசு விடாமல் எழுதுங்கள். அதில் எவ்வளவு குறைக்கலாம், குறைத்ததை எந்தக் கடனுக்குக் கொடுக்கலாம் என்று பேசி முடிவு செய்யுங்கள். கேட்கும்போது ஒருவர்மீது ஒருவர் குற்றம் சுமத்தாதீர்கள். கணக்குப் பார்க்க உதவி வேண்டுவோர் தாளுடன் நம் இல்லத்துக்கு வரலாம். இம்முறை கணக்கைப் பார்த்த பிறகே அறிவுரை சொல்வோம்.